கடலில் விழுந்த மறுகால்

முதுகுளத்தூர்க்காரனுக்குப் பாம்பன் பாலத்தைத் தாண்டினால் அது வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். சாப்பாடு வேறு, காற்று வேறு, கவலையும் வேறு. எங்கள் ஊரில் தண்ணீர் வரவில்லையே என்று அழுவார்கள். அங்கே தண்ணீர் வருகிறதே என்று அழுவார்கள். அறுபது வயதுக்குள் நான் இரண்டே முறைதான் அந்தப் பாலத்தைத் தாண்டியிருந்தேன். அய்யாவுக்குக் காரியம் செய்ய ஒரு தடவை, அம்மாவுக்குச் செய்ய ஒரு தடவை. மூன்றாவது தடவை போனது கடலுக்குக் கரை போட.

சிரிக்க வேண்டாம். முப்பது வருஷம் கண்மாய்க் கரை வேலையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். கரைமேல் நடந்தால் எங்கே எலி வளை இருக்கிறது, எங்கே மண் இளகியிருக்கிறது என்று என் கால் சொல்லிவிடும். "வீட்டுக் கூரை ஒழுகுறது மட்டும் ஒங்க காலுக்குத் தெரியாதாக்கும்" என்பாள் என் மனைவி. அவள் கிடக்கட்டும். நான் நின்று கட்டின கரை ஒன்றுகூட உடைந்ததில்லை. இதை நான் எங்கே போனாலும் முதல் பத்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுவது வழக்கம்.

எங்கள் பக்கத்துப் பங்கில் முன்பு இருந்த மாதா கோயில் சாமியாருக்கும் இது தெரியும். ஒரு மழையில் அவர் கோயிலுக்குப் பின்னால் கண்மாய் உடைந்தபோது நான்தான் ஆள் வைத்து அடைத்தேன். சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து அவரை ராமேஸ்வரம் தீவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாள் செல்போனில் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு கரை போடணும்."

"எந்தக் கண்மாய் சாமி?"

"கண்மாய் இல்ல சார். கடல்."

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் கிளம்பினேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று எங்கள் காட்டில் விளைந்த குண்டு மிளகாய் ஒரு சாக்கு எடுத்துக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று.

ராமநாதபுரத்தில் பஸ் மாறினேன். கூட்டமான கூட்டம். காசியிலிருந்து வந்த ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏறியது. அதில் கனமான ஒரு பெரியவர் நின்று நின்று கால் வலித்துப்போய், என் சாக்கைத் திண்டு என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். காய்ந்த மிளகாய் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பஸ் பாலத்தின்மேல் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கடற்காற்று குப்பென்று அடித்தது. அவ்வளவுதான். முன் ஸீட்டிலிருந்து பின் ஸீட்டுவரை தும்மல். டிரைவர் தும்மிக்கொண்டே பிரேக் போட்டார்.

"எவன்யா மொளகாயத் தூக்கிட்டு வந்தது?" என்று கண்டக்டர் கத்தினார். நான் எல்லோரையும்போலச் சுற்றுமுற்றும் பார்த்தேன். பெரியவர் கண்ணில் நீர் வழிய இந்தியில் ஏதோ சொன்னார். அவர் பேரனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. "கடல் காற்று இவ்வளவு காரமா என்று தாத்தா கேட்கிறார்" என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பஸ் நின்ற இடத்தில் கீழே பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர். எங்கள் ஊரின் பெரிய கண்மாய் ஆயிரத்தை ஒன்றாக வைத்தாலும் இந்த ஓரத்துக்குக் காணாது. இதற்கா கரை என்று முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது. அதையும் ஒரு தும்மலில் வெளியே தள்ளிவிட்டேன்.

நான் போன ஊர் தீவின் வடக்குக் கரையில், தங்கச்சிமடத்துக்கு முன்னால் இருக்கிறது. நாற்பது வீடு, ஒரு மாதா கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. பெயரை எழுத வேண்டாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். எல்லாரும் மீன்பிடிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள். சாமியார் எனக்குக் கோயிலை ஒட்டிய அறையைக் கொடுத்து, சாப்பாட்டுக்குக் கித்தேரியம்மாள் வீட்டைக் கைகாட்டினார்.

கித்தேரிக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. தங்கச்சிமடம் சந்தையில் மீன் விற்கிறவள். அதனால் நாற்பது வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் அவளுக்குப் பேச வரும். மிளகாயை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே ஓரா மீன் குழம்பு வைத்தாள். அப்படி ஒரு குழம்பை நான் சாப்பிட்டதில்லை. மதியம் சாப்பிட்டேன். ராத்திரியும் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் இட்லிக்கும் அதுவே வந்தபோது வயிறு கையெடுத்துக் கும்பிட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் சாம்பார், ரசம் ஏதாச்சும் வைக்க முடியுமா?"

அவள் சிரித்தாள். "பருப்பு வேகாதுண்ணே இங்கன."

"ஏன், அடுப்பு எரியலையா?"

"அடுப்பு எரியிது. தண்ணிதான் வேக விடாது. வாங்க, காட்டுறேன்."

கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தாள். ஒரு வாய் ஊற்றிக்கொண்டு அப்படியே துப்பினேன். முதுகுளத்தூர்த் தண்ணீரே உப்புத்தான். அதைக் குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது. அதற்கே பொறுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீராக இருந்ததாம். தங்கச்சிமடத்திலிருந்துகூட வந்து எடுத்துப்போவார்களாம். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு உண்டு. அதில் ஒரு இடம் கரைந்து தாழ்ந்துவிட்டது. ஐப்பசியில் வாடைக்காற்று எடுத்து, பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கடல் அந்த வழியாக உள்ளே வந்து கிணற்றடியில் நின்றுவிடுகிறது. அதன்பிறகு மாசி, பங்குனி தாண்டியும் கிணற்றில் உப்பு. பெண்கள் சைக்கிளில் குடம் கட்டித் தங்கச்சிமடத்துக்குப் போகிறார்கள். பருப்பை உப்புத் தண்ணீரில் போட்டால் நாள் முழுக்க எரித்தாலும் கல்லாகவே கிடக்குமாம். அந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு அதுதான் பரீட்சை.

"முன்னெல்லாம் கடல் இம்புட்டு ஏறாது சார்" என்றான் சந்தியாகு. கித்தேரியின் தம்பி, வல்லம் என்கிற படகு வைத்து மீன்பிடிக்கிறவன். என்னை வடக்கே கூட்டிப்போய்த் தண்ணீருக்குள் நின்ற ஒரு சிமெண்டுச் சிலுவையைக் காட்டினான். "எங்க அய்யா காலத்துல இந்தக் குருசடிக்கு அங்கிட்டு ரெண்டு வலைய விரிச்சுக் காயப்போடலாமாம். இப்ப மாதாவுக்குக் கொடியேத்தயில முழங்கால் தண்ணியில நின்னுதான் இங்கன ஜெபம் சொல்றோம்."

இதையெல்லாம் சாமியார் மேலே, கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப்போட்டார். பதிலுக்கு ஒரு தாள் வந்தது. ஊரை மேட்டுப்பக்கமாக, ரோட்டுக்குத் தெற்கே காலி செய்து போகச் சம்மதிக்கிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வீடு கட்டித் தருவார்கள். ஆனால் அங்கிருந்து கடற்கரைக்கு அரை மணி நேர நடை. வல்லத்தைக் கண்ணுக்கு மறைவாக விட்டுவிட்டு எந்த மீனவன் தூங்குவான்? இருந்தாலும் குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் எத்தனை நாள்தான் இருப்பது? பதினோரு குடும்பம் கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து சந்தியாகு.

"இந்த வாடைக்கும் கெணறு உப்பாச்சுன்னா மிச்சம் இருக்கறதும் போட்டுரும்" என்றாள் கித்தேரி. "நான் போகமாட்டேன்ண்ணே. ஆனா நான் ஒருத்தி இருந்து என்ன செய்ய?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. நான் போடப்போவது கரை இல்லை. நாற்பது வீடு இருக்கிறதா போகிறதா என்பதுதான் என் மண்வெட்டியில் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பயம் வராது, நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும். அது என் குணம், குறையும் அதுதான்.

மறுநாள் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். கடல் எதுவரை ஏறியது என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். கித்தேரி மட்டும் கோயில் படிக்குப் போய், இரண்டாவது படியில் வெள்ளை பூத்திருந்த உப்புக் கோட்டைக் காட்டினாள். அதற்குமேல் ஒரு முழம் உயர்த்தி முளை அடித்தேன். மேடு தாழ்ந்திருந்த நீளம் நூற்றைம்பது தப்படி இருந்தது. இது ஒரு வேலையா என்று இருந்தது எனக்கு.

மணலில் கரை நிற்காது. நடுவே களிமண் நெஞ்சு வேண்டும். அக்கரையில் தூர் எடுத்துக் குவித்திருந்த ஒரு கண்மாயிலிருந்து கரம்பை மண்ணை டிராக்டரில் கொண்டுவரச் செய்தேன். கடலுக்குப் போகாத நாளில் ஆண்களும் மற்ற நாளில் பெண்களும் சுமந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. "கடலு ஞாயித்துக்கெழமை லீவு விடுமா?" என்று சாமியாரிடமே சண்டைக்குப் போனேன். அவர் என்னையும் பூசைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டார்.

அவர்களிடம் ஒரு வித்தையை நான் கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடல் பக்கத்துச் சரிவுக்கு நான் கல் கேட்டேன். கல்லுக்கு எங்கே போவது? சந்தியாகு நைந்துபோன வலைகளைக் கொண்டுவந்து, அதற்குள் பனையோலையும் களிமண்ணும் போட்டுப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அடுக்கினான். வலைக்குள் மீன் நிற்கும், மண் நிற்குமா என்று கேலி செய்தேன். அலை வந்து மோதியது. பொட்டலம் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்ததே தவிர அசையவில்லை. அன்று மாலை அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மேலே அடம்பங்கொடியை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள்.

கடைசி நாள் சந்தியாகு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சார், மடை வைக்கலையே. மழத் தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"மழைத் தண்ணி எதுக்குப் போகணும்?"

"முன்னாடி இந்தப் பள்ளத்து வழியாத்தான் கடலுக்குப் போகும்."

எனக்கு வந்ததே கோபம். மழைத் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா? எங்கள் ஊரில் வந்து அந்த வார்த்தையைச் சொன்னால் கட்டிவைத்து உதைப்பார்கள். பத்து மழை பெய்கிற இடத்தில் ஒரு மழை பெய்கிற சீமையில் பிறந்தவன் நான். "ஏலே, ஓட்டை வச்சா அது வழியாக் கடல்தான் உள்ள வரும். மழை பெஞ்சா மண்ணு குடிச்சிரும். மணல் காடுதானே?" என்றேன். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இன்ஸ்பெக்டரிடம் யார் பேசுவது?

ஊர் திரும்பினேன். ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கடல் வந்தது. வந்து, கரையில் முட்டி, திரும்பிப் போய்விட்டது. கித்தேரி போனில் சொன்னாள். அன்றைக்கு நான் கடைத்தெருவில் நடந்த நடையைப் பார்த்து, "என்னங்க, காலு தரையில படலையே" என்றாள் மனைவி.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரிலேயே கண்மாய்கள் முக்கால் பெருகின. நாலாம் நாள் சாமியார் கூப்பிட்டார். "சார், உடனே வரணும். கரையை வெட்டப் போறோம்னு நிக்கிறாங்க."

கரையை வெட்டுவது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் அது கொலைக்கு அடுத்த குற்றம். கரை வெட்டியவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் வெட்டிவிடுவானோ என்று கம்போடு கரையில் காவல் இருந்த ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துப் பழகியவன் நான். குடையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை பாலத்தின்மேல் ஒன்றுமே தெரியவில்லை. மழையும் கடலும் ஒரே சாம்பல் நிறம். ஜன்னலின் ரப்பர் திரை கிழிந்து, எனக்கு மட்டும் தனியாக மழை பெய்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டு, "தள்ளி ஒக்காருங்கய்யா, ஒங்ககிட்ட இருந்து சொட்டுது" என்றார். தள்ளி உட்கார இடம் இருந்தால் நான் ஏன் நனைகிறேன்?

ஊருக்குள் நுழைந்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. கரைக்கு உள்பக்கம் கோயில் மதில்வரை தண்ணீர் தளதளவென்று நின்றது. கண்மாய்! நான் கட்டின கரையில் ஒரு கண்மாய் பெருகிக் கிடக்கிறது! தவளைச் சத்தம் வேறு. அங்கேயே கைதட்டிவிட்டேன்.

பிறகுதான் வீடுகளைப் பார்த்தேன். மேற்கு வரிசையில் ஆறு வீட்டுக்குள் தண்ணீர். எல்லாவற்றிலும் தாழ்ந்தது கித்தேரி வீடு. அடுப்பைக் கட்டில்மேல் தூக்கிவைத்திருந்தாள். எனக்குச் சோறு போட்ட இடத்தில் கெண்டைக்கால் அளவு நீர் நின்று, என் மிளகாய்ச் சாக்கு அதில் ஊறிக்கிடந்தது. கைதட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கரைமேல் கூட்டம். சந்தியாகு மண்வெட்டியோடு நின்றான். அவனுக்கு முன்னால், கரையின் நட்டநடுவில், கித்தேரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிக்கா. நான் வெட்டத்தான் போறேன்."

"வெட்டுலே. என்னையும் சேத்து வெட்டு."

"ஒன் வீட்டுக்குள்ளதான்க்கா தண்ணி நிக்கிது!"

"என் வீட்டுலதானே நிக்கிது? ஒன் வீட்டுலயா நிக்கிது? நீ இப்பத் தொறந்தயின்னா சாயந்தரம் ஏத்தத்துக்குக் கடலு உள்ள வந்துரும். கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாத்தியாலே நீ? போ, போயி ஒரு வாயி குடிச்சுட்டு வந்து வெட்டு."

அவன் போகவில்லை. நான் போனேன். வாளியை இறக்கி, இறைத்து, கையில் ஏந்திக் குடித்தேன். உப்பு அடியோடு போகவில்லை. ஆனால் நாக்கின் நுனியில்தான் நின்றது. முதுகுளத்தூரில் இதைவிட மோசமான தண்ணீரில் டீ போடுகிறார்கள். வாடை பிடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. போன இரண்டு வருஷமும் இந்நேரம் வாயில் வைக்க முடியவில்லை என்றார்கள்.

அங்கேயே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மாதிரி மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டுதான் இருக்கும். மேலே மழை நின்று உள்ளே இறங்க இறங்க, நல்ல தண்ணீருக்குக் கனம் கூடி உப்பைக் கீழே அழுத்துகிறது. இந்த இரண்டு வருஷமாக அந்த மழை பள்ளத்து வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடலைத் தடுக்க நான் கட்டிய கரை, எனக்கே தெரியாமல் மழையைப் பிடித்து வைத்திருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல வேலையை நான் செய்ததில்லை. அதை நினைத்துச் செய்யவில்லை என்பதுதான் குத்தியது. நினைத்துச் செய்திருந்தால் கித்தேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்காது.

கரைக்குத் திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "தப்பு என்னுது. சந்தியாகு அன்னைக்கே கேட்டான். நான்தான் திமிர்ல பதில் சொன்னேன். கரையை வெட்டணும். நானே வெட்டுறேன்."

கித்தேரி என்னை முறைத்தாள். "நீங்களுமாண்ணே?"

"முழுசா வெட்டலை தங்கச்சி. ஒன் வாசப்படிக்கு ஒரு சாண் கீழ வரைக்கும். அதுக்குமேல வர்றது மட்டும் போகட்டும், மிச்சம் நிக்கட்டும்."

"ஏத்தத்துக்குக் கடலு வருமே?"

"பலகை போட்டு அடைப்போம். கடல் எறங்குனதும் தூக்குவோம். எங்க ஊரு மடையும் அப்படித்தான். எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. அது எனக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தை அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். சந்தியாகு கடலைப் பார்த்தான், விரல்விட்டு நாள் எண்ணினான். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நல்லா வத்தும் சார். அப்ப வெட்டுனா மூணு மணி நேரம் கெடைக்கும்" என்றான். கித்தேரி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. சொன்னபடியே பத்து மணிக்குக் கடல் பின்வாங்கிக் குருசடியின் பீடம்வரை தெரிந்தது. மண்வெட்டியை ஓங்கினேன். முப்பது வருஷம் யார் கையில் எதைப் பார்த்தால் அடிக்கப் பாய்வேனோ, அது என் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டு வெட்டினேன். பிறகு சந்தியாகு மறுபக்கம் நின்று வெட்டினான். மட்டம் பார்த்துப் பார்த்து இறங்கினோம். அடியில் பிளந்த பனைமரம் இரண்டைக் குறுக்கே போட்டுக் களிமண்ணால் மெத்தினோம். இரண்டு பக்கமும், பலகை செருகக் காடி வெட்டிய பனந்தூண்களை நட்டோம். பழைய வல்லத்தின் பலகைகள் அந்தக் காடியில் அளவெடுத்ததுபோல இறங்கின.

பலகையைத் தூக்கியதும் தண்ணீர் பனைமரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு கடலில் விழுந்தது. கண்மாய் நிரம்பி வழிந்தால் நாங்கள் மறுகால் பாய்கிறது என்போம். எங்கள் ஊரில் அது பல வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற திருவிழா. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப் போவோம். அந்தத் தண்ணீரும் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத்தான் போகும், வீணாகாது. இங்கே கண்ணெதிரில் நல்ல தண்ணீர் கடலில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கித்தேரி பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே அழுகுறீக?"

"இம்புட்டுத் தண்ணியும் போகுதே தங்கச்சி."

"போனா போகட்டும்ண்ணே. நாளைக்கு அதுல மீனு வரும்" என்றாள்.

ஒரு மணி வாக்கில் கடல் திரும்பி ஏறத் தொடங்கியது. பலகையை இறக்கிக் களிமண் பூசினோம். அவள் வாசற்படி வெளியே தெரிந்தது. கோயில் மதில்வரை தண்ணீர் அப்படியே நின்றது.

சாயங்காலம் கோயில் முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "எங்க ஊருல மடையை ஆளாளுக்குத் தொடக்கூடாது. நீர்ப்பாய்ச்சின்னு ஒரே ஆளு. நல்லதோ கெட்டதோ அவன்தான் பொறுப்பு. நீங்களும் ஒரு ஆளை வைக்கணும். தெனம் ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை எறங்கும். தவறாம வரணும்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏற்றம் வரும் நேரத்தில் பாதி நாள் அவர்கள் நடுக்கடலில் இருப்பார்கள். சந்தியாகுதான் வாய் திறந்தான். "அக்கா இருக்கட்டும். கரையில அதைத் தாண்டி எவனும் மம்பட்டியத் தூக்க முடியாது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்து எந்தக் கண்மாயிலும் ஒரு பெண் நீர்ப்பாய்ச்சியாக இருந்ததில்லை. என் ஊராக இருந்தால் நானே தடுத்திருப்பேன். வெளிநாட்டில் வாயை மூடிக்கொண்டேன்.

மாசியில் அந்த ஊருக்கு மூன்றாம் முறை போனேன். யாரும் கூப்பிடவில்லை. இருப்புக்கொள்ளாமல் நானாகப் போனேன். மிளகாயை இந்தத் தடவை தகரத்தில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாலத்தின்மேல் ஒருவரும் தும்மவில்லை. உள்பக்கத் தண்ணீர் வற்றி, மணல்மேல் பச்சைப் பாசியாகக் காய்ந்திருந்தது. அடம்பங்கொடி கரை முழுதும் ஓடி ஊதாப் பூவாகப் பூத்திருந்தது. குருசடி பக்கம் போய்ப் பார்த்தேன். கடல் அதன் பீடத்தில் இன்னும் ஒரு கல் வரிசையைத் தின்றிருந்தது. ஏறத்தான் போகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த புரட்டாசிக்குள் கரையை அரை முழம் உயர்த்த வேண்டும். உயர்த்திவிடலாம்.

தாள் என்ன ஆயிற்று என்று சாமியாரிடம் கேட்டேன். "ஆபீசுலருந்து வந்து கேட்டாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு ஊரே சொல்லிருச்சு. சந்தியாகு பேரை அவனே அடிச்சான்" என்றார்.

மதியம் கித்தேரி வீட்டில் இலை போட்டாள். மீன் வாசனையை மூக்கு தேடியது. இல்லை. சட்டியைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் திறந்தாள். சாம்பார். முருங்கைக்காய் சாம்பார்.

"மீனு எங்க தங்கச்சி?"

"மீனு என்னைக்கும்தான் கெடக்கு. அன்னைக்குக் கேட்டீகள்ல, தின்னுங்க" என்று சோற்றின்மேல் ஊற்றினாள். பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தேன். வெண்ணெயாக மசிந்திருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர், மாசி மாதம். முதல் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துத் தின்றேன்.

இரண்டாம் சோற்றுக்கு அகப்பையைத் தூக்கியவள் வாசல் பக்கம் காதைக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு என்னவோ கேட்டிருக்கிறது. அகப்பையைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏத்தம் வந்துருச்சுண்ணே. பலகையப் பாத்துட்டு வாரேன்."

சாப்பிடுகிறவனை இலையில் விட்டுவிட்டுக் கரையைப் பார்க்க ஓடினாள். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் சொந்தமே விட்டுப்போகும். முப்பது வருஷத்தில் எத்தனையோ நீர்ப்பாய்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் மடைக்கு ஓடிய ஒருவனையும் பார்த்ததில்லை. சட்டியை என் பக்கம் இழுத்து, சாம்பாரை நானே ஊற்றிக்கொண்டேன்.